சொறியும் நாயும் சோற்றுக் கிண்ணமும்

நாய் சொறிந்தவுடன் சாப்பாட்டைச் சந்தேகப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. 'தானியம் இல்லாதது' என்று அச்சடித்த ஒரு மூட்டையை வாங்கி வருவார்கள். இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பார்கள். அரிப்பு நிற்காது. உடனே வேறு கம்பெனி, வேறு மூட்டை. ஆறு மாதத்தில் ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும்; நாய்க்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது எட்டு வாரம் பிடிக்கும். வீட்டில் இருக்கிற எல்லோரும் அதற்கு உடன்பட வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்த எட்டு வாரத்தைப் பற்றியதுதான்.

முதலில் பூச்சி

எந்த நோய்க்காகவோ மருத்துவரிடம் வருகிற நாய்களை எல்லாம் சேர்த்து எண்ணினால், உணவு ஒவ்வாமை உள்ளவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அரிப்புக்கென்றே வருகிற நாய்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இது 9 முதல் 40 விழுக்காடு வரை போகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், சொறிகிற நாய்களில் பாதிக்கு மேல் வேறு காரணத்தால்தான் சொறிகின்றன. நம் ஊர் வெக்கையும் ஈரமும் தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் பன்னிரண்டு மாதமும் தோதானவை என்பதால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தெள்ளுப்பூச்சியின் அரிப்பு பெரும்பாலும் வாலடியிலும் பின்முதுகிலும் இருக்கும். ஒரு வெள்ளைக் காகிதத்தை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன் மேல் நிறுத்தி, நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகை வாருங்கள். மிளகுத்தூள் மாதிரி கரும்பொடி உதிர்ந்து, ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கசிந்தால் சந்தேகமே வேண்டாம், அது பூச்சியின் எச்சம். கசிவது உங்கள் நாயின் ரத்தம்.

பூச்சிக்கு மருந்து போட்டு, காதிலும் தோலிலும் உள்ள பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகளைக் குணப்படுத்திய பிறகும் அரிப்பு இருந்தால்தான் சாப்பாட்டின் பக்கம் வர வேண்டும். சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில் நடக்க வேண்டிய காரியம். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களின் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை இதற்கு நாடலாம். எரிந்த எஞ்சின் ஆயிலை எடுத்துத் தடவுகிற பழக்கம் இன்னும் சில ஊர்களில் ஒழியவில்லை. நாய் அதை நக்கும். நக்கினால் வயிற்றுக்குள் விஷம் போகும். தயவுசெய்து வேண்டாம்.

எந்த நாயைச் சந்தேகப்படலாம்

பருவம் பார்க்காத அரிப்பு முதல் அடையாளம். மழைக்காலத்தில் கூடிப் பனிக்காலத்தில் குறைந்தால் காற்றில் வரும் எதிரியாக இருக்கலாம். சாப்பாடு தினமும் உள்ளே போவதால், அதனால் வரும் அரிப்பும் தினமும் இருக்கும்.

இடமும் சொல்லும். முன்னங்காலைத் தூக்கி விரல்களை விரித்துப் பாருங்கள். வெள்ளையோ வெளிர் நிறமோ உள்ள நாயாக இருந்தால் விரலிடுக்கு முடி துருப்பிடித்த மாதிரி பழுப்பேறியிருக்கும். ஓயாமல் நக்கியதில் எச்சில் விட்ட கறை அது. காது மடலைத் திருப்பினால் உட்பக்கம் சிவந்து, பழுப்பு மெழுகு படிந்து, புளித்த வாடை வரும். மருந்து விட்டால் போகும், பதினைந்து நாளில் திரும்பும். அக்குள், அடிவயிறு, மலவாயைச் சுற்றி என்று பட்டியல் நீளும். பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்கிற நாயைப் பார்த்துக் குடற்புழு என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். தோலோடு வயிறும் சேர்ந்தால், அதாவது அடிக்கடி வாந்தி, நாளுக்கு நாலைந்து முறை இளகிய மலம், வயிற்றில் ஓயாத இரைச்சல் என்றிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

வயதும் ஒரு துப்பு. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் கணிசமானவை ஒரு வயதுக்குள்ளேயே சொறியத் தொடங்குகின்றன. வயதான பிறகு திடீரென்று தொடங்குவதும் உண்டு. ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் ஆகியவை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். அதற்காக ராஜபாளையமும் தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயும் தப்பித்தன என்று எண்ண வேண்டாம்.

பால் குடித்தால் மட்டும் பேதியாகிறது, சொறி எதுவும் இல்லை என்றால் அது வேறு விஷயம். வளர்ந்த பல நாய்களுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிப்பதில்லை. பாலை நிறுத்தினால் போதும். இந்த அத்தியாயம் அவற்றுக்குத் தேவையில்லை.

மூணு வருஷமா சாப்பிட்டது இப்ப எப்படி?

"மூணு வருஷமா கோழிதான் சாப்பிடுறான் டாக்டர், அப்பல்லாம் ஒண்ணும் பண்ணலையே?" இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. மூன்று வருடமாகச் சாப்பிட்டதால்தான் வந்திருக்கிறது. ஒவ்வாமை என்பது உடலின் காவல்படை ஒரு புரதத்தை எதிரி என்று தவறாகப் பதிந்துகொள்வது. பதிந்துகொள்ள, அந்தப் புரதத்தை உடல் முன்பே சந்தித்திருக்க வேண்டும். ஆகவே குற்றவாளி அநேகமாகப் பழகிய முகமாகத்தான் இருக்கும். நேற்றைக்குப் புதிதாக வாங்கிய பொருளை விட, தினசரி கிண்ணத்தில் விழும் பொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2016-ல் வெளியான ஒரு தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களின் விவரங்களை ஒன்றுசேர்த்தது. மாட்டிறைச்சி 34 விழுக்காடு, பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வரிசை வந்தது. ஆட்டிறைச்சி 5, அரிசி 2 விழுக்காடு மட்டுமே. தானியத்தைக் குற்றம் சொல்லும் விளம்பரங்களுக்குப் பதில் சொல்ல இந்த எண்கள் போதும். இன்னொன்றும் உண்டு: பருப்பும் பட்டாணியும் நிறைந்த தானியமில்லா உணவுகளுக்கும் இதயத்தசை விரிவு நோய்க்கும் தொடர்பிருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2018-ல் விசாரணை தொடங்கியது. காரணம் இறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும், தேவையில்லாமல் அந்தப் பக்கம் போவானேன்?

மேலே சொன்ன வரிசையை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது. அவை பெரும்பாலும் மாட்டிறைச்சி தின்று வளர்ந்த நாய்கள். நம்முடையவை தயிர்சாதமும் கோழிக்காலும் மேரி பிஸ்கட்டும் தின்று வளர்கின்றன. எனவே இங்கே முதல் சந்தேகம் கோழி மேலும் பால் மேலும் போகட்டும். பிஸ்கட்டில் உள்ள கோதுமை அடுத்தது.

பரிசோதனைச் சீட்டை நம்ப வேண்டாம்

ரத்தம் எடுத்து, எச்சில் எடுத்து, முடி எடுத்து 'உங்கள் நாய்க்கு இந்த நாற்பது பொருள் ஒத்துக்கொள்ளாது' என்று வண்ணப் பட்டியல் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இவை நம்பத்தக்கவை அல்ல. முடி, எச்சில் சோதனை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு நிஜ நாய்களின் மாதிரிகளோடு செயற்கை முடியையும் வெறும் உப்பு நீரையும் சேர்த்து அனுப்பிப் பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. உயிரே இல்லாத அவற்றுக்கும் ஒவ்வாமைப் பட்டியல் தயாராகித் திரும்பி வந்தது. அந்தப் பணத்துக்கு எட்டு வாரச் சாப்பாடு வாங்கலாம்.

கிண்ணத்தில் என்ன

சோதனையின் அடிப்படை எளியது. நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதம், ஒரு மாவுப்பொருள், எட்டு வாரத்துக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் எட்டுக்கு ஐந்து வாரத்தில் குணம் தெரிந்துவிடும். எட்டு வாரம் போனால் பத்தில் ஒன்பதுக்கு மேல். மூன்றாவது வாரத்தில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

முதலில் உட்கார்ந்து, நாய் பிறந்ததிலிருந்து தின்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். மூட்டை உணவின் பெயர் போதாது. உள்ளே என்னென்ன என்று பொடி எழுத்தில் இருக்கும், அதையும் எழுதுங்கள். 'லேம்ப்' (ஆட்டிறைச்சி) என்று பெரிதாகப் போட்டிருக்கும் பையில் கோழிக் கொழுப்பும் முட்டைத்தூளும் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத இறைச்சிதான் உங்களுக்கு வேண்டியது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கோழி வேண்டாம் என்று காடைக்கோ வாத்துக்கோ வான்கோழிக்கோ போவார்கள். எல்லாம் பறவை, புரதங்கள் நெருங்கிய உறவு. பாலுக்கும் மாட்டிறைச்சிக்கும் அதே கதை, தாயும் பிள்ளையும் ஒன்றுதான். தயிர்சாதத்தில் வளர்ந்த நாய்க்கு 'இதுவரை தின்றதே இல்லை' என்று மாட்டிறைச்சியைத் தேர்ந்தெடுத்தால் சோதனை முதல் நாளே கெட்டுவிடும். ஆடும் மாடும் அசைபோடும் இனம் என்பதால் மட்டனும் முழுக்கப் பாதுகாப்பானது அல்ல. சில நாய்களில் கோழிக்கும் மீனுக்கும் குறுக்கு உறவு இருப்பது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது.

இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், கோழியும் தயிரும் தின்று வளர்ந்த நம் ஊர் நாய்க்கு மிஞ்சுவது பெரும்பாலும் பன்றி, முயல் இரண்டும்தான். பன்றி இறைச்சி கிடைக்கிற ஊரில் அதுவே மலிவு. முயல் என்றால் பண்ணை முயல். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் செம்மறிக்கும் முயலுக்குமென்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மாநிலத்தில் பண்ணைகளும் உண்டு. காட்டு முயலைக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மாவுக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நல்ல தேர்வு, பெரும்பாலான நாய்கள் அதைத் தின்றிருக்காது. மரவள்ளி என்றால் தோலைச் சீவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட வேண்டும். அரிசி அபூர்வமாகவே ஒவ்வாமை தரும் என்றாலும் தினமும் தின்றதை முதல் சோதனையில் தவிர்ப்பது நல்லது. அப்புறம் திருப்பிச் சேர்த்துக்கொள்ளலாம்.

அளவுக்கு ஓர் உத்தேசம். வளர்ந்த, கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி. வேகவைத்த கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சி 150 கிராம், வேகவைத்த சர்க்கரைவள்ளி 300 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாராவாரம் எடை பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். பன்றி இறைச்சியை உள்ளே சிவப்பு தெரியாமல் போகும் வரை வேகவையுங்கள்.

இந்தச் சாப்பாட்டில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. ஆயிரம் கலோரிக்கு ஒன்றேகால் கிராம் கால்சியம் வேண்டும் என்பது பொதுவான அளவு. 10 கிலோ நாய்க்கு முக்கால் கிராம். வாசனையோ சுவையோ சேர்க்காத கால்சியம் கார்பனேட்டை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாமே என்றால், முட்டையும் சந்தேகப் பட்டியலில் இருக்கும்போது வேண்டாம். வளர்ந்த ஆரோக்கியமான நாய் எட்டு வாரம் இப்படிச் சமாளித்துவிடும். குட்டிகளுக்கு மட்டும் வீட்டுச் சமையலில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. எலும்பு வளர்கிற வயதில் கால்சியமும் பாஸ்பரசும் தப்பினால் கால் வளையும், எலும்பு உடையும்.

குட்டிகளுக்கும், கறி வாங்க முடியாத சைவ வீடுகளுக்கும், சமைக்க நேரமில்லாதவர்களுக்கும் ஹைட்ரோலைஸ்டு உணவு என்று ஒன்று இருக்கிறது. புரதத்தை நொதிகளால் சின்னத் துண்டுகளாக உடைத்துவிடுவதால் உடலின் காவல்படைக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. ராயல் கேனினின் ஹைப்போஅலர்ஜெனிக் சோயாவை உடைத்துச் செய்வது. ஹில்ஸின் இசட்/டி கோழி ஈரலை உடைத்துச் செய்வது. கோழியில் சந்தேகம் இருக்கிற நாய்க்கு முதலாவதைத் தேர்ந்தெடுப்பது புத்தி, ஏனென்றால் உடைத்த துண்டுக்கும் எதிர்வினை காட்டுகிற நாய்கள் சில உண்டு. விலை அதிகம்தான். ஆனால் சாதாரண கடை மூட்டைகளில் அட்டையில் போடாத இறைச்சி கலந்திருப்பது பல ஆய்வுகளில் பிடிபட்டிருக்கிறது, அதனால் 'பன்றி மட்டும்' என்று எழுதியிருக்கும் சாதாரண மூட்டையை நம்பி இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பழைய உணவிலிருந்து புதியதற்கு ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுங்கள். முழுக்க மாறிய நாளிலிருந்துதான் எட்டு வாரக் கணக்கு.

கறிக்கடையில்

கடைக்காரர் ஒரே கட்டையில் கோழி வெட்டுவார், அதே கத்தியால் அடுத்தவருக்கு ஆடு வெட்டுவார், அதே கட்டையில் உங்கள் பன்றியும் வரும். ஆகவே துண்டு போட்டு வாங்காதீர்கள். தொடையை முழுசாக வாங்கி, வீட்டில் கழுவி, வீட்டுக் கத்தியால் நறுக்குங்கள். கொத்துக்கறி வாங்கவே வேண்டாம். அரைக்கும் எந்திரத்துக்குள் முந்தின கறி ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் கடை திறந்தவுடன் போனால் கட்டை கழுவியிருக்கும், "அண்ணே, முதல் வெட்டு எனக்கு" என்று சொல்லி வையுங்கள். ஒரு வாரத்துக்கானதை ஒரேயடியாக வேகவைத்து, வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டி உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டால் தினமும் அலைய வேண்டியதில்லை. நாய்க்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. தயிர் கலக்கிய கரண்டியால் போட்டாலே சோதனை கெடும்.

பாட்டியும் வாட்ச்மேனும்

சோதனை கெடுகிற இடம் அடுப்படி அல்ல. மேசைக்கடியில், மொட்டைமாடியில், கேட்டுக்கு வெளியே கெடுகிறது.

"அத்தை, அவனுக்கு பிஸ்கட் போடாதீங்கன்னு சொன்னேனே."

"நான் எங்கடி போட்டேன்? என் கையிலிருந்து அவனாத்தான் பிடுங்கினான். அரைத் துண்டுதான்."

அந்த அரைத் துண்டில் பாலும் கோதுமையும் சேர்ந்தே போயிற்று. வாரம் ஒரு முறை அரைத் துண்டு போனாலும் அரிப்பு அடங்காது, நீங்கள் எட்டாவது வாரத்தில் 'சாப்பாட்டில் பிரச்சினை இல்லை' என்று தவறான முடிவுக்கு வருவீர்கள். பெரியவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நாய்க்குத் தின்னக் கொடுக்கும் சந்தோஷத்தைப் பறிக்காமல், சர்க்கரைவள்ளியை மெல்லிய வில்லையாக நறுக்கிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "நீங்கதான் அவனுக்கு இதைக் குடுக்கணும், அத்தை" என்றால் அந்த டப்பாவுக்கு அவரே காவல்.

குழந்தைகள் சாப்பிடும்போது நாய் வேறு அறையில் இருக்கட்டும். காக்கைக்கு வைக்கும் சோற்றைச் சுவரின் மேல் உயரத்தில் வையுங்கள். நெய்யும் பருப்பும் தயிரும் சேர்ந்த அந்த உருண்டைக்குக் காக்கையை விட நாய்தான் முதலில் போய்ச் சேருகிறது. பூனை இருந்தால் பூனையின் தட்டு மேசை மேல். தெருமுனை டீக்கடையில் பன் பிய்த்துப் போடுகிறவரிடமும், கேட்டில் எலும்பு போடும் வாட்ச்மேனிடமும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் நடத்திக் கூட்டிப் போக வேண்டாம். குப்பையில் வாய் வைக்கும் பழக்கம் இருந்தால் நடைக்குப் போகும்போது வாய்க்குக் கூடைமூடி கட்டாயம்.

மாத்திரைகளை யாரும் சாப்பாடு என்று நினைப்பதில்லை. உண்ணிக்காக மாதாமாதம் மென்று தின்னக் கொடுக்கும் சில மாத்திரைகளில் நாய் விரும்பித் தின்பதற்காக இறைச்சிப் புரதமோ சோயாவோ சேர்த்திருப்பார்கள். சோதனைக் காலத்தில் கழுத்தில் சொட்டும் மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஜெலட்டின் கேப்சூல், சுவை சேர்த்த பற்பசை, மெல்லும் எலும்பு பொம்மை, மாத்திரையைப் பொதிந்து கொடுக்கும் சீஸ் எல்லாம் இதில் அடக்கம். மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தால் அதே சர்க்கரைவள்ளியைப் பிசைந்து உருட்டிக் கொடுங்கள்.

குறிப்பேடு

ஒரு காலண்டர் போதும். தினமும் இரவு, அன்றைக்கு எவ்வளவு சொறிந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போடுங்கள். பூஜ்யம் என்றால் சொறியவே இல்லை. பத்து என்றால் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நிறுத்தவில்லை. ஒரே ஆள் போடுவது நல்லது, ஆளுக்கு ஆள் கண் மாறும். ஞாயிறுதோறும் அதே சன்னல் வெளிச்சத்தில் காதையும் பாதத்தையும் அடிவயிற்றையும் படம் எடுங்கள். மலம் எத்தனை முறை, எப்படி என்பதும் எழுதுங்கள். வயிற்றுக் கோளாறு இருந்த நாய்க்கு முதல் இரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரிவது உண்டு, தோல் அவ்வளவு சீக்கிரம் சொன்ன பேச்சு கேட்காது.

திருட்டுத் தீனி நடந்த நாளை மறைக்காமல் எழுத வேண்டும். 'வியாழன், வாசலில் யாரோ போட்ட பரோட்டா' என்று எழுதியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை எண் ஏறியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

அரிப்பு பொறுக்க முடியாமல் இருந்தால் முதல் சில வாரங்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டோ அரிப்பு மாத்திரையோ தருவார், தவறில்லை. கடைசி இரண்டு வாரமாவது மருந்தில்லாமல் போக வேண்டும். இல்லாவிட்டால் குறைந்தது மருந்தாலா, சாப்பாட்டாலா என்று தெரியாது. நாள்கணக்கில் நின்று வேலை செய்யும் ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால், அதன் வீரியம் போகும் வரை சோதனையைத் தொடங்காதீர்கள்.

பழையதைத் திரும்பப் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். நாய்க்குக் குணமாகிவிட்டது, அப்பாடா என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மனசு புரிகிறது; குணமான நாயை யார் மறுபடி சொறியவிடுவார்கள்? ஆனால் அந்த எட்டு வாரத்தில் பூச்சி மருந்தும் போட்டீர்கள், காதுத் தொற்றும் ஆறியது, பருவமும் மாறியது. எதனால் குணம் என்று தெரியாமலே வாழ்நாள் முழுக்க முயல் கறி தேடி அலைவீர்கள்.

எட்டு வாரம் முடிந்ததும் பழைய உணவை, பழைய பிஸ்கட் உட்பட, அப்படியே திரும்பக் கொடுங்கள். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பாதிக்கு மேல் ஐந்து நாளுக்குள் மறுபடி சொறியத் தொடங்கும். பதினாலு நாளுக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்துவிடும். சொறிந்தால் உடனே சோதனை உணவுக்குத் திரும்பிவிடுங்கள், அரிப்பு அடங்கிவிடும். இப்போதுதான் நோய் உறுதியானது. இரண்டு வாரம் ஆகியும் சொறியவில்லை என்றால் சாப்பாடு குற்றவாளி அல்ல.

உறுதியான பின், குற்றவாளியைப் பெயர் சொல்லிப் பிடிக்க வேண்டும். சோதனை உணவோடு வேகவைத்த கோழி மட்டும் இரண்டு வாரம். எண் ஏறினால் நிறுத்தி, அடங்கும் வரை காத்திருந்து, அடுத்து தயிர். அடுத்து கோதுமை. அப்புறம் முட்டை, மீன், ஆடு. தினசரி எது கிண்ணத்தில் விழும் என்று நினைக்கிறீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் சோதித்துத் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரிசியும் மீனும் தேறிவிட்டன, அதிலேயே நிம்மதியாக ஓட்டலாம் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தலாம்.

ஒரு விலக்கு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்று எப்போதாவது நடந்திருந்தால் அந்தப் பொருளை வீட்டில் திரும்பச் சோதிக்கவே கூடாது. அப்படி நடப்பது அபூர்வம், நடந்தால் நேராக மருத்துவமனை.

சில நாய்களுக்குப் பாதி குறையும், பாதி நிற்கும். எட்டாக இருந்த எண் நாலில் வந்து நின்றுவிடும். வீட்டுத்தூசியில் உள்ள சிற்றுயிர்கள் போன்றவற்றாலும் ஒவ்வாமை உள்ள நாய்கள் அவை. சாப்பாட்டை ஒழுங்குபடுத்திவிட்டு, மீதியை மருந்தால் சமாளிக்க வேண்டும். முன்பு தேவைப்பட்ட அளவு மருந்து இனி தேவைப்படாமல் போகலாம்.

பூனை வேறு சாதி

பூனைக்கு அரிப்பு தலையிலும் கழுத்திலும் வரும். கண்ணுக்கு மேலே, காதுக்கு முன்னே பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். அல்லது அடிவயிற்றை நக்கி நக்கி முடியில்லாமல் ஆக்கும். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். மேலே சொன்ன 2016 தொகுப்பில் பூனைகளுக்கு மாட்டிறைச்சி 18 விழுக்காடு, மீன் 17. நம் ஊரில் பூனை என்றாலே மீன். எனவே மீனைத்தான் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

பூனையைப் பட்டினி போட்டுப் புது உணவுக்குப் பழக்க முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, அதிலும் குண்டுப் பூனையாக இருந்தால், ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பழைய உணவில் புதியதைக் கரண்டி கரண்டியாகக் கலந்து இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். டாரைன் என்ற சத்து பூனைக்குச் சாப்பாட்டிலிருந்தே வர வேண்டும். குறைந்தால் கண்ணின் விழித்திரையும் இதயமும் கெடும். வேகவைத்துத் தண்ணீரை வடித்த கறியில் அது குறைந்துவிடுகிறது. ஆகவே பூனைக்கு வீட்டுச் சமையலை விட ஹைட்ரோலைஸ்டு உணவே முதல் தேர்வு. சைவ வீட்டுப் பூனையைப் பருப்புச் சாதத்தில் வளர்க்க முடியாது, இதில் சமரசம் இல்லை. வெளியே சுற்றும் பூனைக்கு இந்தச் சோதனையே நடக்காது. எட்டு வாரம் வீட்டுக்குள் வைக்க முடிந்தால் தொடங்குங்கள், முடியாவிட்டால் மருத்துவரோடு வேறு வழி பேசுங்கள்.

அதன் பிறகு

குற்றவாளி கோழி என்று தெரிந்துவிட்டால் கோழியை வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். அதற்காக நாயின் நாக்கைத் தண்டிக்க வேண்டாம். தேறிய பொருட்களை வைத்து வகைவகையாகக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்காக வைத்த இரண்டு பொருள் சாப்பாட்டை வருடக்கணக்கில் நீட்டாதீர்கள். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ என்று அதில் இல்லாதவை அதிகம். வீட்டுச் சமையலிலேயே தொடர்வதானால் கால்நடை உணவியல் தெரிந்தவரிடம் நாயின் எடையைச் சொல்லி ஒரு கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். கடை உணவு வாங்கினால் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படியுங்கள், பை அதேதான் இருக்கும், உள்ளே இருப்பது சொல்லாமல் மாறியிருக்கும். 'இறைச்சியும் இறைச்சி உபபொருட்களும்' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்த இறைச்சி என்று யாருக்கும் தெரியாது, வைத்துவிட்டு நகருங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயைக் காப்பகத்தில் விடுவதானால், எத்தனை நாளோ அத்தனை நாளுக்கான பொட்டலங்களை வேளை எழுதிக் கட்டிக் கொடுங்கள். கூடவே ஒரு தாளில் கொட்டை எழுத்தில்: கோழி, முட்டை கூடாது, பிஸ்கட் கூடாது, மென்று தின்னும் மாத்திரை கொடுப்பதற்கு முன் போன் பண்ணவும். அந்தத் தாளை ஆபீஸ் மேசையில் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. சாப்பாடு போடுகிற தம்பி யார் என்று கேட்டு அவரிடம் நேரில் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.